காக்காச் சோறும் பிரவுன் ஸ்நேக்கும்

மெல்பர்னுக்கு மேற்கே டார்னீட், வெரிபி பக்கமெல்லாம் கொஞ்ச காலம் முன்பு வரை வெறும் புல்வெளி. அதில் மனை போட்டு விற்கிறார்கள், நாமும் கடன் வாங்கிக் குடியேறுகிறோம். அங்கே ஏற்கெனவே இருந்த எலிக்கும் பாம்புக்கும் யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை. புல்வெளிப் பக்கம் ஈஸ்டர்ன் பிரவுன்; ஓடை, குட்டை ஓரம் டைகர் ஸ்நேக். இரண்டும் விஷப் பாம்பு. ஆஸ்திரேலியாவில் பாம்பு கடித்துச் சாகிறவர்களில் அதிகம் பேர் பிரவுன் கடித்துத்தான் சாகிறார்கள்.

செப்டம்பரில் வெயில் ஏறினால் ஏப்ரல் வரை பாம்பு சீசன். ஊரில் என்றால் கம்பை எடுத்திருப்போம். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 1975-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி பாம்பை அடிப்பது குற்றம். லைசென்ஸ் உள்ள பாம்பு பிடிப்பவரைக் கூப்பிட வேண்டும், காசு நம்முடையது. அவர் வரும்வரை தள்ளி நின்று, அது எங்கே போகிறது என்று கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு அப்படி ஒருவர் வந்தார். வேலியோரம், வீடு கட்டி மிஞ்சிய தளக்கற்களைக் கொக்கியால் ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசிக் கல்லுக்கு அடியில் தடித்த உடம்பும் குட்டைக் கால்களுமாக ஒன்று வாயைப் பிளந்து நீல நாக்கை நீட்டியது. அரணை வகை. “நத்தையெல்லாம் தின்னும், விட்டுவிடுங்கள்” என்றார். அப்புறம் வேலிக்கடியில் டார்ச் அடித்துக் காட்டினார்: காய்ந்த சோற்றுப் பருக்கை, சுற்றிலும் எலிப் புழுக்கை. “பாம்புக்கு வழி காட்டுவது இதுதான்.”

அத்தை தினமும் காக்காய்க்கு வைக்கும் சோறு அது. (இங்கே முதலில் வந்து நிற்பது மேக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவைதான்.) “வைக்காம எப்படிம்மா நான் சாப்பிடறது?” என்று கேட்டார். நியாயம்தான். இப்போது தட்டில் வைத்து, பறவை போனதும் தட்டை எடுத்துவிடுகிறோம். தளக்கற்களை ஏற்றி அனுப்பியாயிற்று, கராஜ் கதவின் அடியில் ரப்பர் பட்டை மாட்டியாயிற்று.

பாம்பை விரட்டும் என்று, மண்ணில் குத்தி வைத்தால் அதிரும் சோலார் குச்சியைக் கடையில் விற்கிறார்கள். அதை நம்பிப் பணம் போடாதீர்கள்; அதன் பக்கத்திலேயே பாம்பு சுருண்டு படுத்திருப்பதைப் பிடிப்பவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். அத்தையின் பூண்டுக் கரைசலும் அதே ரகம், செலவு மட்டும் குறைவு.

கராஜில் அகலமான எலாஸ்டிக் பேண்டேஜ் இருக்கிறது. கடித்தால் கழுவக் கூடாது. எந்தப் பாம்பு என்று கண்டுபிடிக்க அந்த இடத்தில் ஒட்டியிருக்கும் விஷம் உதவலாம். கயிற்றால் இறுக்குவதும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ முழுவதும் பேண்டேஜால் அழுத்திச் சுற்றி, அசையாமல் படுக்க வைத்து, ஆம்புலன்ஸுக்கு 000-இல் அடிக்க வேண்டும். அத்தைக்கும் சுற்றப் பழக்கிவிட்டேன்.

பாக்கி, பக்கத்துக் காலி மனை. இடுப்பளவு புல். தீப்பிடிக்கும் என்று சொன்னால் கவுன்சில் சீக்கிரம் அசையும் என்கிறார்கள். புகாரில் பாம்பைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.