ரொட்டரிக்கு டெவலப்பர் தேடிக் கொழும்பில பட்ட பாடு

கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவுற மருந்து (டெவலப்பர்) டிடி-எக்ஸ், அந்தப் போத்தல் ஒருமாதிரி கைக்கு வந்திட்டுது. கோவம் இன்னும் அடங்கேல்ல, ஆனா ஃபிலிம் டாங்கைச் சுத்திக் கழுவுற ஜோபோ ரொட்டரி மெஷின் வச்சிருக்கிற ஆருக்கும் உதவும் எண்டு எழுதுறன்.

ரொட்டரியில டாங்க் படுத்தபடி சுத்துறதால கொஞ்சத் தண்ணியே காணும், 1520 மொடல் டாங்கில ரெண்டு 35 மி.மீ. ரோலுக்கு 240 மில்லிதான், சிக்கலும் அங்கதான். ரொடினல் எண்ட டெவலப்பரை 1+50 (ஒரு பங்கு மருந்துக்கு 50 பங்கு தண்ணி) கலந்தா அதுக்குள்ள மருந்து அஞ்சு மில்லி கூட வராது, ஒரு ரோலுக்கு 10 மில்லி வேணும் எண்டது பழைய கணக்கு. எச்சி-110 எண்ட இன்னொரு டெவலப்பரை பி டைலூஷன் எண்ட அளவில கலந்தா 7.5 மில்லி, ரோலுக்கு ஆறு எண்டு பாத்தாலும் 12 வேணும். டிடி-எக்ஸ் 1+4ல 48 மில்லி போகுது, அதால நான் வேற யோசிக்கேல்ல. விலை கூடத்தான், ஆனா ஒரு லீற்றரில 40 ரோல் கழுவலாம்.

புறக்கோட்டைப் பக்கம் ஒரு கடைக்கு எடுத்துக் கேட்டன், "இருக்கு தம்பி, வாங்கோ" எண்டார், வெள்ளவத்தையில இருந்து காலி வீதி நெரிசலுக்குள்ள பஸ்ஸில நிண்டு போனா எடுத்து வைக்கிறது பேப்பர் டெவலப்பர், கேட்டா "ரெண்டும் ஒண்டுதானே" எண்டு சொல்லுறார். ஒண்டில்ல, பிரிண்டுக்கு உள்ளது சரியான வீரியம், ஃபிலிமுக்குப் போட்டா கொன்ட்ராஸ்ட் ஏறி கிரெயின் கூடிடும். போனிலயே லேபிளை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ, அதுக்குப் பிறகு பஸ் ஏறுங்கோ.

பிறகு வெளிநாட்டில ஓடர் போட்டன். சாமான் வந்து சேர்ந்த இடத்தில கவுண்டரில இருந்தவர் கெமிக்கல் எண்டு நிப்பாட்டிட்டார். சேஃப்டி டேட்டா ஷீட் கேட்டார், பிரிண்ட் எடுத்துக் கொண்டு போனன், இன்வொய்ஸில டிடி-எக்ஸ் எண்டும் ஷீட்டில இல்ஃபோடெக் டிடி-எக்ஸ் எண்டும் இருக்காம், ரெண்டும் வேற சாமானாம்! பின்னால நிண்ட ஆக்கள் எல்லாம் முடிச்சுப் போகினம், எனக்கு மட்டும் நாளைக்கு வாங்கோ. அடுத்த முறை கொம்பனி விளம்பரத் தாளையும் சேத்துக் கொண்டு போய் நேர மேலதிகாரி மிஸ்ஸிட்ட காட்டினன், லேபிளோட ஒருக்கா ஒத்துப் பாத்திட்டு கையெழுத்து வச்சிட்டா. அந்தச் சந்தோசம் சொல்லேலாது. ஓடர் போடேக்கயே விக்கிறவரிட்ட இன்வொய்ஸில முழுப் பேரையும் எழுதச் சொல்லுங்கோ.

கலக்கிறது, ஃபிக்ஸர், கழுவுறது எல்லாம் வழமைதான். எங்கட ஊரில வெக்கைதான் வில்லங்கம். மத்தியானம் பைப் தண்ணியே 29, 30 பாகையில வருது, மெஷின் சூடாக்குமே தவிர குளிராக்காது. நான் விடியக்காலமை உறைஞ்ச தண்ணிப் போத்தல்கள மெஷின்ர தண்ணித் தொட்டிக்குள்ள போட்டு 24ல பிடிச்சு வச்சிருந்தன். எச்பி5 ஃபிலிமுக்கு டிடி-எக்ஸில 20 பாகைக்கு 9 நிமிசம், 24ல ஆறே கால் மட்டில, ரொட்டரிக்கு 15 வீதம் கழிச்சாலும் அஞ்சுக்குக் கீழ போகாது. எச்சி-110 பியில 20 பாகைக்கே அஞ்சுதான், இந்த வெக்கையில அது அஞ்சுக்கும் கீழ போயிடும், அப்பிடிக் குறைஞ்சா படம் திட்டுத் திட்டா வரும்.

இன்னொண்டு, ஜோபோ முதல்ல அஞ்சு நிமிசம் வெறும் தண்ணியில ஊற விட்டு நோர்மல் நேரமே பிடிக்கச் சொல்லுது, டிடி-எக்ஸ் செய்யிற இல்ஃபோர்ட் கொம்பனி ஊற வைக்காம நேரத்தைக் குறைக்கச் சொல்லுது. ரெண்டில ஒண்டைப் பிடியுங்கோ, ரெண்டையும் சேத்துச் செய்தா நெகட்டிவ் வெளிறிடும். நான் இல்ஃபோர்ட் சொன்னபடி செய்தன், முதல் ரோலிலயே நிழலுக்குள்ள இருந்த முகமெல்லாம் தெளிவா வந்திருக்கு.