கீதா முகர்ஜியை மறந்துவிட்டோம்

மகளிர் இட ஒதுக்கீடு பற்றிப் பேசும்போதெல்லாம் 2023 செப்டம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய, மக்களவையிலும் சட்டப்பேரவைகளிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் சட்டத்தை மட்டுமே சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. கீதா முகர்ஜியின் பெயர் ஏன் யார் வாயிலும் வருவதில்லை?

மேற்கு வங்கத்தின் பன்ஸ்குரா தொகுதியிலிருந்து 1980 முதல் 2000இல் இறக்கும் வரை தொடர்ந்து மக்களவையில் இருந்தவர். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். 1996 செப்டம்பரில் தேவகவுடா அரசு இதே ஒதுக்கீட்டுக்கான மசோதாவைக் கொண்டுவந்தபோது, அதை ஆராய்ந்த நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்கு இவர்தான் தலைவர். பல கட்சியினர் இருந்த அந்தக் குழுவை நடத்தி, அதே ஆண்டு டிசம்பரில் அறிக்கையைத் தந்துவிட்டார். நாடாளுமன்றக் குழுக்களின் வேகம் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

அறிக்கையும் ஒப்புக்கு எழுதியதல்ல. மாநிலங்களவைக்கும் சட்ட மேலவைகளுக்கும் ஒதுக்கீடு வேண்டும், பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பெண்களுக்கான உள் ஒதுக்கீட்டை உரிய காலத்தில் அரசு பரிசீலிக்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது. இரண்டுமே 2023 சட்டத்தில் இல்லை. இருப்பதோ, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை ஆகியவற்றுக்குப் பிறகே நடைமுறை என்ற நிபந்தனை! இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. கிராம ஊராட்சிகளில் 1993இல் நடைமுறைக்கு வந்த மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டால் பெண்கள் உட்கார்ந்து நிர்வாகம் செய்யவில்லையா?

சட்டக் கல்லூரி மாணவிகள் யாராவது இந்தப் பதிவைப் படித்தால், அந்த 1996 அறிக்கையைத் தேடி எடுத்து முழுவதும் வாசியுங்கள்.