நான்காம் முறை ஆறிய பல்சக்கரமும் சைக்கிள் மிதிக்கும் கூழைக்கடாவும்

நேற்றிரவு ஒன்பது மணிக்கு அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்து வைத்த வார்ப்பிரும்புப் பல்சக்கரத்தை இன்று காலை வெளியே எடுத்தேன். அச்சு நுழையும் நடுப்பகுதியான குடத்தைச் சுற்றி நான் வைத்த வெல்டிங் பற்று ஓரிடத்திலும் விடவில்லை. சாம்பலைத் துடைத்து, கயிற்றில் தொங்கவிட்டு, சிறு சுத்தியலால் விளிம்பில் தட்டியபோது கோயில் சேமக்கலம் போல நீண்டு ஒலித்தது. இதற்கு முன் மூன்று முறையும் அதே இடத்தில் தட்டியபோது கீறல் விழுந்த மண்பானையைத் தட்டியது போன்ற சத்தம்தான் கேட்டது. ஏறத்தாழ இரண்டு மாதங்களாக என்னைத் தடுத்து வைத்திருந்த கட்டம் இது என்பதால், சிற்பம் முழுமை அடையும்வரை காத்திராமல் இப்போதே எழுதிவிடுகிறேன்.

நான் செய்துகொண்டிருப்பது சைக்கிள் மிதிக்கும் ஒரு கூழைக்கடா. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூர்க் குளத்தில் கூழைக்கடா இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. அத்தனை பெரிய உடலைத் தாங்கிக்கொண்டு வரும் பறவை, நீரைத் தொடும் நொடியில் இரு கால்களையும் முன்னே நீட்டிச் சறுக்கி நிற்கிறது. பிரேக் பிடிக்காத சைக்கிளை இறக்கத்தில் காலூன்றி நிறுத்தும் பையனின் கால்கள் அப்படித்தான் இருக்கும். காற்று வீசும்போது பின்னால் இருக்கும் விசிறி சுழல வேண்டும், அந்தச் சுழற்சியில் பறவையின் கால்கள் மெல்ல மிதிக்க வேண்டும் என்பதே திட்டம். விசிறியின் வேகத்திலேயே மிதித்தால் பறவை பதறி ஓடுவது போலத் தோன்றும். குளக்கரையில் மாலை உலா போகிறவரின் நிதானம் அதற்கு வேண்டும். ஆகவே வேகத்தைக் குறைக்கும் பல்சக்கர இணை ஒன்று தேவைப்பட்டது.

அந்த இணை குலசேகரத்தில் என் மைத்துனர் வீட்டில் கிடைத்தது. முன்பு அவர்கள் உறைந்த ரப்பர்ப் பாலை ஷீட்டாக அடிக்கப் பயன்படுத்திய கை ரோலர், இப்போது பாலாகவே விற்றுவிடுவதால், தொழுவத்தின் மூலையில் கிடந்தது. கைப்பிடிப் பக்கம் 15 பற்கள் கொண்ட சிறிய சக்கரமும், உருளையின் பக்கம் 60 பற்கள் கொண்ட பெரிய சக்கரமும் இருந்தன. விசிறி நான்கு முறை சுற்றினால் மிதி ஒரு முறை சுற்றும். கணக்குப் போட்டுச் செய்யச் சொன்னாலும் இதைவிடப் பொருத்தமாக அமைந்திருக்காது. ஆனால் பெரிய சக்கரத்தின் குடம், அச்சோடு பூட்டும் சாவி உட்காரும் பள்ளத்திலிருந்து வெளிவிளிம்புவரை பிளந்திருந்தது. துளையும் தேய்ந்து அகன்றிருந்ததால், சைக்கிள் அச்சுக்குப் பொருந்தும் எம்.எஸ். எனப்படும் சாதாரண இரும்பில் செய்த புஷ் (குழாய் போன்ற உள்ளுறை) ஒன்றை உள்ளே செருகி, பிளவையும் புஷ்ஷையும் சேர்த்துப் பற்றவைக்க வேண்டியிருந்தது. போல்ட் போட்டு இறுக்கினால் ஆகாதா என்று கேட்பவர்கள் பிளவு எங்கே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். குடத்துக்குள் எதை இறுக்கினாலும் அது ஆப்பு போலப் பிளவை மேலும் அகட்டுமே தவிர மூடாது.

முதல் முறை, கையிலிருந்த, எம்.எஸ். இரும்புக்கான 6013 என்ற சாதாரண வெல்டிங் ராடிலேயே போட்டேன். பற்று பார்க்க அழகாகத்தான் விழுந்தது. பற்றின் மேல் படிந்த கறையைத் தட்டி எடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் காதில் விழுந்தது. வந்து பார்த்தால் பற்றுக்கு ஒட்டினாற்போல், தாய் இரும்பில், தலைமயிர் அளவுக்கு ஒரு கோடு. அந்த ஓரத்தில் அரத்தை வைத்து இழுத்தபோது கண்ணாடி மேல் இழுத்தது போல வழுக்கிக்கொண்டு போனது.

வார்ப்பிரும்பில் கரி (கார்பன்) 2 முதல் 4 விழுக்காடு வரை இருக்கிறது. நாம் அன்றாடம் பற்றவைக்கும் எம்.எஸ். இரும்பில் கால் விழுக்காட்டுக்கும் குறைவு. உருகிய பற்றை ஒட்டிய இடம் சடுதியில் குளிரும்போது அந்தக் கரி இரும்போடு கூடி, அரம் பிடிக்காத அளவுக்குக் கடினமாகவும் நொறுங்கும் தன்மையுடனும் ஆகிவிடுகிறது. அதே நேரத்தில் மேலே உள்ள பற்று ஆறிச் சுருங்கி இழுக்கிறது. எம்.எஸ். என்றால் சற்று நீண்டு கொடுக்கும். வார்ப்பிரும்புக்கு நீளத் தெரியாது, உடையத்தான் தெரியும்.

இரண்டாம் முறை 7018 என்ற வேறு வகை ராடை வாங்கினேன். குடத்தை மட்டும் ஊதுவிளக்கால் காய்ச்சிப் போட்டேன். குடம் தப்பித்தது, ஆனால் ஆரக்கால் ஒன்று வேரோடு விரிந்தது. தடித்த குடம் சூட்டில் பருத்து நிற்க, மெலிந்த ஆரக்கால்களும் விளிம்பும் குளிர்ந்தே கிடந்ததால் வந்த வினை அது. ஒரு பக்கம் மட்டும் சூடேற்றுவதைவிடச் சூடேற்றாமலே விடுவது மேல் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். பற்றிலும் ஊசிக் குத்துகளாகக் குமிழ்கள் இருந்தன. பல ஆண்டுகள் கிரீஸ் குடித்த வார்ப்பு, சூடு பட்டதும் அதைக் கக்கியிருக்கிறது.

மூன்றாம் முறை நிக்கல் ராடுக்கு மாறினேன். 55 விழுக்காடு நிக்கலும் மீதி பெரும்பாலும் இரும்பும் கொண்ட வகையே வார்ப்பிரும்பையும் எம்.எஸ். இரும்பையும் சேர்ப்பதற்கு ஏற்றது. அதன் பற்று மென்மையாகவே இருந்து, சுருங்கும் இழுப்பைத் தானே கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். ஒரு ராடின் விலையில் சாதாரண ராடு கைப்பிடி அளவு வாங்கிவிடலாம் என்பதால், பாதியில் நிறுத்தி ராடை வீணாக்க மனமில்லாமல் ஒரே ஓட்டமாகக் குடத்தைச் சுற்றி இழுத்துவிட்டேன். அன்று மேல்காற்று பட்டறைக்குள் நேராக வீசிக்கொண்டிருந்தது. மாலைக்குள் பற்றை ஒட்டியே அரை வட்டத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. ராடு சரி, முறைதான் தவறு என்பது அப்போது விளங்கியது.

நான்காம் முறைக்கு முன் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தயாரிப்புக்கே கொடுத்தேன். பழைய பற்று முழுவதையும் கிரைண்டரால் எடுத்தேன். விரிசல் ஒவ்வொன்றும் முடியும் இடத்தில் 3 மி.மீ. துளை போட்டு, அது மேலும் ஓடாதபடி தடுத்தேன். பிளவின் வாயைச் சாய்வாகத் திறந்தேன். கடைசி இழைப்பை மட்டும் கிரைண்டரில் செய்யாமல் அரத்தால் செய்தேன். கிரைண்டர் கல், வார்ப்பில் உள்ள கிராஃபைட் என்னும் கரியை முகம் முழுக்கப் பூசிவிடும். பூசிய முகத்தில் பற்று ஒட்டாமல் உருண்டு போகும். அதன் பிறகு சக்கரம் முழுவதையும் சிரட்டைக் கரித் தணலில் படுக்க வைத்து, கிரீஸ் புகைந்து தீரும்வரை ஒரு முறை காய்ச்சி, மெதுவாக ஆறவிட்டு, மறுபடியும் தேய்த்தேன்.

வெப்பத்தை அளக்க என்னிடம் கருவி இல்லை. வலையில் கட்டும் ஈயக்குண்டிலிருந்து பயறளவு வெட்டி, ஒரு தகரத் துண்டில் வைத்து, பற்று வைக்கும் இடத்துக்கு எதிர்ப்பக்கம் விளிம்பின் மேல் வைத்தேன். ஈயம் உருகுவது 327 டிகிரி செல்சியஸில். ஈயத்தின் முனை மழுங்கிச் சாயத் தொடங்கியதும் சக்கரம் முழுவதும் 300-ஐத் தாண்டிவிட்டது என்று கணக்கு. இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். ஈயம் பற்றின் அருகே வரவே கூடாது.

பிறகு 2.5 மி.மீ. ராடு, 70 ஆம்பியர். ஓர் அங்குலத்துக்கு மேல் ஓட்டவில்லை. ஒவ்வோர் அங்குலமும் முடிந்த உடனே, பற்று சிவப்பாக இருக்கும்போதே, உருண்டை முனைச் சுத்தியலால் நெருக்கமாகத் தட்டினேன். பற்று சுருங்கி இழுப்பதற்கு முன் நாமே அதைத் தட்டி விரித்துக் கொடுக்கிறோம். இந்தத் தட்டலை விட்டவர்கள் நிக்கல் ராடைக் குறை சொல்லக் கூடாது. அடுத்த அங்குலத்தை எதிர்ப்பக்கத்தில் வைத்தேன். இடையிடையே சக்கரத்தைத் தணலுக்கே திருப்பி அனுப்பினேன். எட்டுத் துண்டுகளாகக் குடத்தைச் சுற்றி முடிக்க இரண்டரை மணி நேரம் ஆனது. இறுதியில், சலித்து வெயிலில் காயவைத்திருந்த சாம்பலில், மேலும் கீழும் ஒரு சாண் கனத்துக்கு இருக்கும்படி புதைத்தேன். ஈரச் சாம்பல் நல்லதல்ல. நம் ஊர்க் காற்றில் ஒரே இரவில் சாம்பல் ஈரம் பிடித்துவிடும் என்பதால் அதை அன்றன்று காயவைக்க வேண்டும்.

ஓசையை மட்டும் நம்பாமல் இன்று காலை மண்ணெண்ணெய்ச் சோதனையும் செய்தேன். குடத்தின் ஒரு பக்கம் மண்ணெண்ணெய் தடவி, மறுபக்கம் சுண்ணக்கட்டிப் பொடியைப் பூசி ஒரு மணி நேரம் விட்டேன். விரிசல் இருந்தால் பொடியில் ஈரக் கோடு தெரியும். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

நிக்கல் ராடு தேடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. கோட்டாற்றுக் கடைகளில் பாக்கெட்டாகத்தான் தருவோம் என்பார்கள். மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறைகளுக்குச் சரக்கு கொடுக்கும் கடையில் கேட்டால் எண்ணிக் கொடுப்பார்கள். உறை பிரித்து ஈரம் குடித்த ராடு வேண்டாம். ஆக்கர் எனப்படும் பழைய இரும்புக் கடைகளில், நான் போகும் கடைக்காரர் வார்ப்பையும் எம்.எஸ். இரும்பையும் தனித்தனிக் குவியலாகப் போடுகிறார். ஆகவே கிரைண்டரில் தெறிக்கும் தீப்பொறியைப் பார்த்துப் பிரிக்கும் வேலை மிச்சம். கொண்டுபோன சாக்கில் சட்டுவமும் ஃபேன் இறக்கைகளும் விழுவதைப் பார்த்து, "அண்ணாச்சி, இத வச்சு என்ன செய்யப் போறிய?" என்று கேட்டார். படத்தைக் காட்டியதும் உள்ளே போய், துருப்பிடித்த சைக்கிள் சீட் ஒன்றை எடுத்து வந்து, காசு வாங்காமல் சாக்கில் போட்டார். பறவை உட்காரப்போவது அந்த சீட்டில்தான். சின்னமுட்டம் பக்கம் துறைமுகத்தை ஒட்டிக் கிடைக்கும் படகுச் சாமான்கள் தரமானவை, ஆனால் உப்பு ஊறியவை. வாங்கி வந்ததும் நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைக்காமல் பிரைமர் அடித்தால், உப்பு பெயிண்டுக்கு அடியில் இருந்துகொண்டே கொப்பளமாக எழும்பும்.

உடலுக்கு ராஜ்தூத் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் தொட்டி. கூழைக்கடாவின் முதுகு வளைவு அதில் அப்படியே இருக்கிறது. சோப்புத் தண்ணீரில் பல முறை கழுவி, கழுத்துவரை தண்ணீர் நிரப்பிய பிறகே அதில் ஆர்க் தட்டினேன். எத்தனை ஆண்டுகள் காய்ந்து கிடந்த தொட்டியானாலும் இதில் சலுகை கிடையாது. மேல் அலகுக்குப் பந்திச் சட்டுவம், தொங்கும் பைக்கு நீளவாக்கில் வெட்டி விரித்த சைக்கிள் மட்கார்டு. நம் குளங்களுக்கு வரும் இந்தப் பறவைக்கு மேல் அலகின் ஓரத்தில் நீலப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். அவற்றை 6 மி.மீ. துளைமுனையால் ஆழமில்லாமல் குழித்து வைத்திருக்கிறேன். பிடரியில் சிலிர்த்து நிற்கும் கொண்டைக்கு சைக்கிள் கம்பிகள் பதினெட்டு. ஃபேன் இறக்கைகள் அலுமினியம் என்பதால், அவற்றுக்கும் இரும்பு போல்ட்டுக்கும் நடுவே சைக்கிள் டியூபை வெட்டி வாஷராகப் போட்டேன். உப்புக் காற்றில் அந்த இரண்டு உலோகங்களும் நேராகத் தொட்டுக்கொண்டால், அலுமினியம்தான் வெள்ளைப் பொடியாக உதிரும்.

இந்த நிக்கல் முறை கைக்கு வந்ததும் அடுத்த வேலை மனதில் உருவாகிவிட்டது. ஆக்கர் கடையில் கைப்பிடி உடைந்த வார்ப்பிரும்புத் தோசைக்கல் மூன்று கிடக்கின்றன. ரோலரின் மீதமுள்ள இரண்டு உருளைகளையும் சேர்த்தால், முதுகில் தோசைக்கல் சுமந்து நடக்கும் ஒரு கடலாமைக் குடும்பம் அமையும். தோசைக்கல்லும் எண்ணெய் குடித்ததுதான். காய்ச்சி எண்ணெய் எடுக்கும் வேலையை இப்போதே தொடங்கலாம் என்று மூன்றையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

கூழைக்கடாவுக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லை. பெயிண்ட் வேலை வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை மாதத்துக்குப் பிறகுதான். தென்மேற்கும் வடகிழக்கும் நனைக்கும் மாவட்டத்தில் பிரைமர் காய வேறு நல்ல மாதங்கள் இல்லை. ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று ஓய்வதற்குள் சக்கரத்தை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், இன்று மாலையே அதைச் சட்டத்தில் ஏற்றி, கால்களை மிதியில் கட்டி, முற்றத்தில் காற்றுக்குக் குறுக்காக நிறுத்தினேன். விசிறி இரண்டு முறை தயங்கியது. பிறகு சுழன்றது. தலையில்லாத பறவை, தொட்டி உடலோடு, நிதானமாக ஆறு சுற்று மிதித்தது. என் தங்கை மகள், "மாமா, அதுக்குத் தலை வைக்காமலே போவுதே!" என்று கத்திக்கொண்டு அதைச் சுற்றி ஓடினாள். ஏழாவது சுற்றில் இடது மிதி தொட்டியின் அடிப்பகுதியில் உரசி நின்றது. நாளை அச்சை 10 மி.மீ. வெளியே தள்ள வேண்டும்.