பொம்மருக்குள் இருந்தவர்கள்

மான்செஸ்டரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும், 1992ஆம் ஆண்டு உயர்தர வகுப்புக்காரர் நாங்கள் நாலு பேர், கடந்த ஏப்ரலில் பிளீக்லோ மலைக்குப் போனோம். ஸ்னேக் பாஸ் வீதியின் உச்சியில் காரை விட்டுவிட்டு நடந்தோம். கால் வைத்த இடமெல்லாம் கறுத்த பீட் சேறு. மாரி காலத்து வன்னிப் பாதைகள்தான் நினைவுக்கு வந்தன. கண்ணுக்கெட்டிய வரை ஒரு மரம் இல்லை. பிறகு பனிமூட்டம் இறங்கி, முன்னால் போனவன்கூடத் தெரியவில்லை.

621 மீற்றர் உயரமான ஹையர் ஷெல்ஃப் ஸ்டோன்ஸ் உச்சிக்குக் கிட்ட, முதலில் ஓர் எஞ்சின் தெரிந்தது. அப்புறம் சக்கரக் கால்கள், கிழிந்த தகடுகள். அலுமினியம் என்றபடியால் இன்னும் வெள்ளையாகவே கிடக்கின்றன. ஓர் ஆணியைக்கூட எடுக்கக் கூடாது என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அது நியாயம்தான். யாரோ வைத்த சிறு மரச் சிலுவைகளும் பொப்பிப் பூக்களும் அங்கே இருந்தன.

அமெரிக்காவின் பி-29 விமானம் அது. 1946இல் பிகினித் தீவு அணுகுண்டுச் சோதனையைப் படம் எடுத்தது. 1948 நவம்பர் 3ஆம் தேதி ஸ்காம்ப்டனில் இருந்து பேர்ட்டன்வுட்டுக்கு ஒரு சின்னப் பயணம். மேகத்துக்குள் மலையில் மோதி 13 பேரும் இறந்துபோனார்கள்.

எங்களுக்கு விமானம் என்றால் கீழே நின்று பார்த்ததுதான். "பொம்மர் வருது" என்றதும் கொப்பியைப் போட்டுவிட்டு மைதான ஓரத்துப் பங்கருக்குள் பாய்வோம். சத்தத்தை வைத்தே, குண்டு போட வருவது அவ்ரோ விமானமா சியாமாசெட்டியா என்று சொல்லிவிடுவோம். உள்ளே இருப்பவனுக்கும் ஒரு தாய் இருப்பாள் என்று அந்த வயதில் ஒருநாளும் நினைத்ததில்லை. நினைத்திருக்கவும் முடியாது. அந்தச் சிலுவைகளின் முன்னால் நின்றபோதுதான் முதல்முறையாக நினைத்தேன்.

அங்கிருந்து மேற்கே கொஞ்சத் தூரத்தில் ஜேம்ஸஸ் தோர்ன். கனடா விமானப்படையின் 408ஆம் அணியைச் சேர்ந்த லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் ஒன்று விழுந்த இடம். ஜெர்மனி சரணடைந்து பத்தே நாள். பயிற்சிக்குப் புறப்பட்ட ஆறு பொடியன்கள். வீட்டுக்குக் கடிதம் போட்டிருப்பார்கள், சண்டை முடிந்தது, வந்துவிடுவோம் என்று.

கையில் வைத்திருந்த தாளை வாசித்துக்கொண்டு வந்தவன் சட்டென்று நிறுத்தினான்.

"மச்சான், மே பதினெட்டு."

1945 மே 18. எங்களுக்கு அந்தத் தேதியை யாரும் விளக்கத் தேவையில்லை. ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. அவன் குனிந்து, காற்றில் சாய்ந்து கிடந்த ஒரு சிலுவையை நிமிர்த்திச் சேற்றில் ஊன்றினான். 2009இல் வன்னியில், போரின் கடைசி நாட்களில் தமக்கையை இழந்தவன் அவன்.

இறங்கி வரும்போது, மான்செஸ்டருக்குப் போகிற ஏதோ ஒரு விமானத்தின் இரைச்சல் பனிமூட்டத்துக்கு மேலே கேட்டது. சொல்லிவைத்தாற்போல் நாலு பேரும் நின்று அண்ணாந்து பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. அது பத்திரமாக இறங்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, சத்தம் தேயும்வரை நின்றேன்.