படத்தில் இருப்பவரே முதலில் பார்க்க வேண்டும்

தங்கச்சிமடத்தில் பிறந்து, ராமநாதபுரம் கடற்கரையிலேயே பல ஆண்டுகள் ஆவணப்படம் எடுத்துவந்த நான், கணவரின் வேலை நிமித்தம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவிலுள்ள செயின்ட் ஜான்ஸ் நகருக்குக் குடிவந்தேன். இங்கும் துறைமுகமும் மீன் வாடையும் உண்டு. ஆனால் ஜூன் மாதத்திலும் பனிப்பாறை மிதந்துவரும் கடல் இது.

குளிர் பழகிவிட்டது, வேலைதான் இழுபறியாக இருந்தது. ஒரு கல்லூரியில் ஆவணப்படம் கற்பிக்கும் ஒப்பந்தப் பணி கிடைத்தது. பருவம் முடிந்தால் சம்பளமும் நின்றுவிடும். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும் ஊரில் வளர்ந்தவளுக்கு, வரும்படி இல்லாத மாதங்களை ஓட்டக் கற்றுத்தர வேண்டியதில்லை.

பாடம் நடத்துவதற்காக இத்தீவின் பட வரலாற்றைப் படித்தபோதுதான் எனக்கு இங்கே கால் ஊன்றியது. கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் இயக்குநர் காலின் லோ, 1967இல் வடக்கேயுள்ள ஃபோகோ தீவுக்குச் சென்றார். தீவு மீனவர்களை வேறிடத்தில் குடியமர்த்தும் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. அங்கே எடுத்த 27 சிறு படங்களும் வெளியாருக்குப் போகுமுன் தீவு மக்களுக்கே திரையிடப்பட்டன. அதனால், ஒன்றுகூடிப் பேசாத சிற்றூர்கள் ஒன்றன் குறையை மற்றொன்று கேட்டன. பின்னர் அவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தீவிலேயே தங்கினார்கள். எல்லாம் படத்தால் நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். பேச்சைத் தொடங்கிவைத்ததே ஒரு படத்துக்குப் பெரிய வேலைதான்.

பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கு நானும் அப்படித்தான் முதலில் படத்தைக் காட்டியிருந்தேன். விரல்களில் துணி சுற்றி, காலில் ரப்பர் செருப்பைக் கட்டி, சேலைமேல் சட்டை போட்டுப் பாறையிடுக்கில் முங்குபவர்கள் அவர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால், பிடிபடும் பயம் எப்போதும் உண்டு. படத்தைப் போட்டுக் காட்டியதும் மூத்தவர் ஒருவர், "அந்தத் தீவு தெரியுறத மட்டும் எடுத்துரும்மா, நாளைக்கு வனத்துறைக்காரங்க வந்து நிப்பாங்க" என்றார். எடுத்துவிட்டேன்.

இன்று என் மாணவர்களும் படத்தைச் சமர்ப்பிக்குமுன் அதில் இருப்பவரிடம் காட்டியாக வேண்டும். சென்ற பருவத்தில் நண்டு பிடிப்பவர் ஒருவர், தன் கடனைப் பற்றிச் சொன்ன பகுதியை நீக்கச் சொன்னார். படத்தின் உயிரே அதுதான் என்று மாணவி என்னிடம் வாதாடினாள். இருவரையும் பேசவிட்டேன், அவர் கடன் தொகையை மட்டும் வெட்டச் சொல்லி, மற்றதை இருக்கட்டும் என்று விட்டார்.