குழாயடியில் முகம் கழுவியவர்

அக்டோபர் 6
மாலைப் பயிற்சியில் கோல்கீப்பர் பையன் பந்தைத் தடுக்கப் பாய்ந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டான். 13 வயது. ரத்தம் வழிய, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். ஓடிப்போன என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை: "ஆம்பளப் பையன் இதுக்கெல்லாம் அழலாமா?"

அவன் அழவில்லை. காயத்தைக் கழுவும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான். கன்னம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. வலிக்கிறதா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

அக்டோபர் 7
நேற்று நான் சொன்னது அப்பாவின் வாக்கியம். பாட்டி இறந்த அன்று அவர் குழாயடிக்குப் போய்த் திரும்பத் திரும்ப முகம் கழுவினார். எனக்கு அப்போது 9 வயது. அப்பா முகத்தில் இவ்வளவு அழுக்கா என்றுதான் நினைத்தேன்.

அக்டோபர் 13
அமெரிக்காவில் 'கோச்சிங் பாய்ஸ் இன்டு மென்' என்று ஒரு திட்டம் இருக்கிறது. விளையாட்டுப் பயிற்சியாளரே வாரம் 15 நிமிடம் பையன்களோடு பேச வேண்டும்: கோபம், மரியாதை, பெண்களை நடத்தும் விதம். கலிஃபோர்னியாவில் இதைச் சோதித்துப் பார்த்து 2012-இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். நண்பன் ஒரு பெண்ணிடம் தப்பாக நடக்கும்போது தடுக்க முன்வருவது, இதில் சேர்ந்த பையன்களிடம் கூடுதலாம். 15 நிமிடம்தானே, நானும் செய்து பார்க்கலாம்.

அக்டோபர் 20
சொதப்பல். கேள்வி கேட்கப் போனவன் பிரசங்கம் செய்துவிட்டேன். ஒருவன் ஷூ லேஸை நாலு தடவை அவிழ்த்துக் கட்டினான்.

அக்டோபர் 27
இன்று வாயை மூடிக்கொண்டு பலகையில் ஒரு பெட்டி வரைந்தேன். 1980-களில் ஓக்லண்ட் மென்ஸ் ப்ராஜெக்ட் என்ற குழு பழக்கத்துக்குக் கொண்டுவந்த பயிற்சி இது. ஆம்பளை என்றால் எப்படி இருக்கணும் என்று சொல்லப்படுவதெல்லாம் பெட்டிக்குள்ளே. பலம், பயப்படாதது, அழாதது, ஜெயிப்பது, சம்பாதிப்பது என்று நிரம்பிவிட்டது. அப்படி இல்லாதவனை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன். முதலில் சிரிப்பு. அப்புறம் வார்த்தைகள் கொட்டின. பெட்டியைச் சுற்றி இடமே இல்லை.

பின்வரிசைப் பையன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். "சார், இதுல பாதி 'நீ பொண்ணு'ன்னு சொல்றதுதானே? எங்க அக்கா எங்க எல்லாரையும் விட வேகமா ஓடுவா."

யாரும் சிரிக்கவில்லை.

உங்களுக்குப் பிடித்த ஆண் ஒருவர் எப்படிப்பட்டவர் என்று அடுத்துக் கேட்டேன். "திட்டாம சொல்லித் தருவார்." "தப்புன்னா சாரி சொல்லுவார்." "நான் பேசி முடிக்கிற வரைக்கும் கேப்பார்." எதுவும் பெட்டிக்குள் இல்லை. தைரியம் மட்டும் இரண்டு பக்கமும் இருந்தது. ஆண்மை என்றாலே விஷம் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாதது இங்கேதான். பலமாக இருக்க ஆசைப்படும் பையனிடம் அந்த ஆசையே தப்பு என்றால், அவன் வேறு யாரிடமோ போய்க் கேட்டுக்கொள்வான்.

நவம்பர் 3
ஆட்டத்தின்போது ஓர் அப்பா கோட்டுக்கு வெளியே நின்று, "பொட்டச்சி மாதிரி ஆடாதடா" என்று மகனைப் பார்த்துக் கத்தினார். பையன்கள் எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். வளர்ந்த ஆளிடம் பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

நவம்பர் 10
உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, தற்கொலையால் இறப்போர் விகிதம் உலக அளவில் பெண்களைவிட ஆண்களிடம் இரு மடங்குக்கும் மேல். படித்ததும் பழைய நண்பன் ஞாபகம் வந்தது. போனில் எப்போதும் "சூப்பர்டா" என்பான். இன்று நடக்கக் கூப்பிட்டேன். முக்கால் மணி நேரம் பைக் மைலேஜ். திரும்பும்போது, ரோட்டைப் பார்த்தபடியே, "ஆறு மாசமா தூக்கமே இல்லடா" என்றான். எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டான்.

நவம்பர் 17
கோல்கீப்பரைத் தனியே கூப்பிட்டு, அன்றைக்கு அப்படிச் சொன்னது தப்பு, சாரிடா என்றேன்.

"என்னைக்கு சார்? ஞாபகமே இல்லையே." பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

பயிற்சி முடிந்து கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, "தழும்பு இன்னும் போகல சார், பாக்குறீங்களா?" என்றான்.