ஆத்தங்கரைக் கடையும் 555 புக்குகளும்

மலேசியாவுல பேராக் மாநிலம், தெலுக் இந்தான் ஆத்தங்கரையில இருக்கிற எங்க சாப்பாட்டுக் கடைய இடிக்காம விட்டுட்டாங்கன்னு கேள்விப்பட்டவங்க, யாரு ஒய்பி (தொகுதி மக்கள் பிரதிநிதி) பேசினாரா, பெரிய லாயர் வெச்சீங்களான்னு கேக்கிறாங்க. ரெண்டும் இல்ல. நான் அங்க கவுண்டர்ல உக்கார்றவ, கணக்கு, சாமான் ஆர்டர், லைசென்ஸ் ரினியூ எல்லாம் என் பொறுப்பு. இதே மாதிரி ஆத்தோரம் கடலோரம் நிக்கிற பழைய கடைங்க நம்ம நாட்டுல இன்னும் இருக்கு, அவங்களுக்கு உதவும்னுதான் எழுதுறேன்.

கடைன்னா பலகைச் சுவர், தகரக் கூரை, பின்பக்கம் குசினி பாதி பெராக் ஆத்து மேல தூண்ல நிக்குது. ஏத்தம் பெருசா வர்ற நாள்ல தண்ணி பலகைக்கு கீழ ஒரு சாண் வரைக்கும் ஏறி நிக்கும், அப்ப ஆத்து இறால் கழுவின தண்ணிய பலகை இடுக்குல ஊத்தினா கீழ மீனுங்க மோதுற சத்தம் அடுப்படியில நிக்கிறவங்களுக்கு நல்லா கேக்கும். வெளியூர்க்காரங்க 1885ல கட்டின சாஞ்ச கோபுரத்தப் பாக்கத்தான் டவுனுக்கு வர்றாங்க. ஆனா இந்த ஊர் வளந்தது ஆத்தாலயும் தோட்டத்தாலயும்தான். 1893ல தாப்பா ரோட்டுலருந்து ரயில் வந்துச்சு, ஜெண்டராட்டா தோட்டம் 1906ல ஆரம்பிச்சது, கித்தா (ரப்பர்), தேங்கா, அப்புறம் செம்பனைன்னு சுத்தி எல்லா பக்கமும் தோட்டம். சம்பளம் போட்ட வாரம் லோரியில வந்து எறங்குவாங்க, சாமான் வாங்கிட்டு, பிள்ளைங்களுக்கு வாழையெல சாப்பாடு வாங்கிக் குடுத்துட்டு, ஆத்துக் காத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போவாங்க. தொரைமாருங்களுக்கு கிளப் இருந்துச்சு, லயத்துல (தோட்டத் தொழிலாளிங்களோட வரிசை வீட்டுல) இருக்கிறவங்களுக்கு டவுன்ல நாற்காலி போட்டு உக்கார வெச்ச எடம் இதுதான்னு பெரியவங்க சொல்லுவாங்க. சித்ரா பௌர்ணமிக்கு தண்டாயுதபாணி கோயில் கூட்டம் வரும்போது இன்னிக்கும் எங்க குசினியில மீன் கறிச் சட்டி ஏறாது, முழுக்க சைவம்தான்.

பிரச்சன எங்க வந்துச்சுன்னா நெலத்துல. ஆத்தோரக் கடைங்க நெறைய அரசாங்க நெலத்துல டி.ஓ.எல்.ங்கிற தற்காலிகக் குடியிருப்பு லைசென்ஸ்ல நிக்குது, எங்களுதும் அதுதான். 1965 நெலச் சட்டப்படி அது தற்காலிகம், டிசம்பர் 31ஓட முடிஞ்சிரும், அடுத்தவங்க பேருக்கு மாத்த முடியாது, பேர் போட்டவர் செத்துட்டா லைசென்ஸும் அதோட சரி. பெரிய முதலாளி தவறினப்ப நாங்க கருமக்கிரியைக்கு ஓடிட்டு இருந்தோம், இந்தப் பக்கம் கடைக்கு கால் வைக்க நெலமே இல்லாம போயிருச்சு. தாத்தா காலத்துலருந்து இருக்கோமேன்னு சொன்னா நெல ஆபீஸ் கவுண்டர்ல எடுபடாது. கொஞ்ச நாள்லயே ஒரு டெவலப்பர் எங்க வரிசையவே சேத்து கடைவீடும் நடைபாதையும் கட்டப் போறதா பேச்சு வந்துச்சு.

அப்பதான் ரிட்டயர் ஆன தோட்டத்து ஸ்கூல் வாத்தியார் ஒருத்தர், தெனம் காலையில கோப்பி ஓ (பால் இல்லாத கோப்பி) குடிக்க வர்றவர், என்னக் கூப்பிட்டு, "இங்க பாரும்மா, மனுவுல கட்டடம் அழகா இருக்குன்னு மட்டும் எழுதிறாத, பலகையும் தகரமும் யாரும் மதிக்க மாட்டாங்க, இங்க யாரு வந்து சாப்ட்டாங்கன்னு எழுது"ன்னாரு. அவர் சொன்னதுல விசயம் இருந்துச்சு. 1976ல வந்த பழைய தொல்பொருள் சட்டம் நூறு வருசம் ஆச்சான்னு பாத்துச்சு, ஆனா 2005 தேசிய பாரம்பரியச் சட்டம் (645) சமூகத்தோட அந்த எடத்துக்கு என்ன தொடர்புன்னும் பாக்குது. அதுக்கு ஆதாரம் எங்கன்னு தேடினா, என் கவுண்டருக்குப் பின்னால பிஸ்கட் டின்னுல கெடந்துச்சு, கடன் எழுதி வெச்ச 555 புக்குங்க.

உள்ளங்கை அளவு புக்கு, கரப்பான் அரிச்சது, பென்சில் எழுத்து. தோட்டத்துப் பேரு, டிவிஷன், கீழ "2 சோறு, மீன் கறி, கோப்பி ஓ", பக்கத்துல எத்தன வெள்ளி (ரிங்கிட்), எத்தன காசுன்னு கணக்கு, கட்டி முடிச்சதுக்கு குறுக்க ஒரு கோடு. முதலாளியம்மாவுக்கு அத வெளிய குடுக்க மனசில்ல, அவங்கவங்க பட்ட கடன ஊருக்கு காட்டக்கூடாதுன்னாங்க, எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. அதனால ஆள் பேர விட்டுட்டு, தேதி, தோட்டம், சாப்ட்டது மட்டும் நானும் குசினியில வேல செய்ற அக்காவும் கடை மூடினப்புறம் உக்காந்து டைப் பண்ணினோம். பண்ணப் பண்ண மனசு கனத்துப் போச்சு, அதுல பாதி தோட்டத்துக்கு இப்ப லயமே கெடையாது, ஆளுங்க டவுன் பிளாட்டுக்கும் கிள்ளானுக்கும் போயிட்டாங்க, ஆனா அவங்க என்ன சாப்ட்டாங்கன்னு எங்க புக்குல இருக்கு.

1976 நகர கிராமத் திட்டச் சட்டப்படி உள்ளூர் திட்ட வரைவ பொதுமக்கள் பாக்க வெச்சு ஆட்சேபம் வாங்கணும். சரியா அந்த நேரத்துல எங்க பகுதியோட வரைவு வந்துச்சு, இது நிறைய பேருக்குத் தெரியாம தேதி போயிரும், தயவுசெஞ்சு கவனிங்க. நாங்க பட்டியல வெச்சு எழுத்துல குடுத்தோம், லோரி ஓட்டுறவங்க, மீன்பிடிக்கிற சீனர், மலாய் குடும்பங்கன்னு ஆளாளுக்கு தனித்தனியா கடிதம் குடுத்தாங்க. கடைசியா வந்த திட்டத்துல கட்டடம் நிக்கலாம், நடைபாதை எங்க கடைய சுத்திப் போகும்னு ஆச்சு. லைசென்ஸ் முதலாளியம்மா பேர்ல புதுசா வந்துச்சு.

இதுக்கப்புறம்தான் எனக்கு கவல அதிகம். வர்றவங்க எல்லாரும் யோசன சொல்றாங்க, கஃபே மாதிரி ஆக்குங்க, குசினிய மூடி ஏசி போடுங்க, விலைய ஏத்துங்கன்னு. நான் ஒத்துக்கல, முதலாளியம்மாவும் ஒத்துக்கல. செம்பனைக் குல வெட்டுற ஆளு நனைஞ்ச பூட்ஸோட வந்து உக்கார முடியலன்னா நாங்க குடுத்த பட்டியல் பொய்யாயிரும். இப்ப குசினிப் பலகைய மட்டும் செங்கால் மரத்துல மாத்துறோம், செலவு ஜாஸ்திதான். பெரிய குக்குக்கு வயசாச்சு, அவர்கிட்ட மீன் கறி பழக ஒரு பொண்ணு, ஒரு பையன் ரெண்டு பேரும் தோட்டத்துலருந்து மோட்டார்ல வர்றாங்க, சம்பளம் கொஞ்சம் கூட்டிக் குடுக்கணும்னு முதலாளியம்மாகிட்ட கேட்டிருக்கேன். இந்த டிசம்பருக்கு முன்ன டி.ஓ.எல். ரினியூ பாரம் போகணும், அதோட சேத்து கிராண்டுக்கும் (நெலப் பட்டாவுக்கும்) மனு போடுறோம், வாத்தியார் டிராஃப்ட் எழுதிட்டாரு.